பன்னிரண்டு பேருக்குப் பதினொரு ஓலை

காலடிப்பேட்டை தாமஸ் வீட்டுக் கதையை வாரம் தவறாமல் படிப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடலாம். இப்போதுதான் கையில் எடுத்தவர்களுக்கு இரண்டு விஷயம் தெரிந்தால் போதும்.

இந்த வீட்டில் அக்காவும் தம்பியும் பேசி எட்டு மாதம் ஆகிறது. அக்கா ஜெஸ்லின் ஓர் இணையப் பத்திரிகையில் நிருபர். தம்பி ஜெரி வேலை பார்த்த மென்பொருள் கம்பெனியின் தில்லுமுல்லுகளை எழுதி அதை இழுத்து மூட வைத்தவள் அவள்தான். தம்பி அங்கே வேலை செய்கிறான் என்று தெரிந்தேதான் எழுதினாள். அன்றைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு பெரம்பூருக்குப் போனவன் வீட்டு வாசல் மிதிக்கவில்லை.

அடுத்தது ஒரு ரகசியம். எண்ணூரில் நீலக்கரை என்றொரு கம்பெனி பெரிய பெரிய தொட்டிகளில் அமிலத்தைச் சேமித்து வைக்கிறது. ஏழு வாரத்துக்கு முன் அங்கே ஒரு குழாய் வெடித்து, அஃப்ரித் என்ற ஒப்பந்தத் தொழிலாளியின் இரண்டு கண்ணும் போயின. அந்தக் குழாய் கசிகிறது என்று அதற்கு முன்பே மூன்று முறை பதிவேட்டில் எழுதியிருந்தது. கம்பெனி மறுநாளே அந்தப் பக்கத்தைக் கிழித்தது. கிழிப்பதற்குள் யாரோ அதைப் போனில் படம் எடுத்துவிட்டார்கள், ஜெஸ்லின் அதை வெளியிட்டாள். எடுத்தது யார் என்று அவளுடைய ஆசிரியருக்கே தெரியாது. எடுத்தவர் அங்கே பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கும் அவள் அப்பா தாமஸ். கண்டுபிடித்தால் வேலையும் போகும், திருட்டு கேஸும் விழும் என்று கம்பெனி நோட்டீஸ் ஒட்டிவிட்டது. அன்றிலிருந்து ஷிஃப்டுக்குள் போகிறவர்கள் போனை கேட்டிலேயே கொடுத்துவிட வேண்டும்.

இனி சனிக்கிழமை காலை.

ராயபுரத்தில் பழைய பருப்புக் கிடங்கு ஒன்றுக்குக் கண்ணாடிக் கதவும் ஏசியும் போட்டு, கம்ப்யூட்டர்காரர்கள் உட்கார்ந்து வேலை செய்ய வாடகைக்கு விடுகிறார்கள். சுவரின் பூச்சைச் சுரண்டிச் செங்கல்லை வெளியே காட்டியிருந்தார்கள். நம் பக்கத்தில் செங்கல் தெரிய வீடு வைத்திருப்பவன் பூசுவதற்கு வழியில்லாதவன். இங்கே அதுதான் அழகாம்.

செய்தியாளர்களும் தொழில்நுட்பம் தெரிந்தவர்களும் ஒருவரையொருவர் அறிமுகம் செய்துகொள்ளும் கூட்டம் அது. அறுபது பேர் இருப்பார்கள். வாசலில் ஆளுக்கொரு ஸ்டிக்கர் கொடுத்தார்கள். பெயருக்குக் கீழே இரண்டு வரி: 'என்னிடம் இருப்பது', 'எனக்கு வேண்டியது'.

ஜெஸ்லின் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எழுதினாள். இருப்பது: செய்தி. வேண்டியது: படத்தைத் தடயமில்லாமல் சுத்தம் செய்யத் தெரிந்தவர்.

அதற்காகத்தான் வந்திருந்தாள். அப்பா அந்தப் பக்கத்தைப் படம் எடுத்தபோது, மாதா காப்பாற்றட்டும் என்று சட்டைப் பையிலிருந்த குருத்தோலைச் சிலுவையைப் பதிவேட்டின் மேல் வைத்துவிட்டு எடுத்திருந்தார். குருத்தோலை ஞாயிறன்று கோவிலில் மந்திரித்த ஓலையை மடித்துச் செய்கிற சின்னச் சிலுவை. ஜெஸ்லின் அந்த மூலையை வெட்டிவிட்டுத்தான் ஆசிரியரிடம் கொடுத்தாள். வெட்டியது போதுமா என்ற பயம் ஏழு வாரமாக அவளைத் தூங்கவிடவில்லை.

அவளுடைய ஆசிரியர் பாலகணேஷ் மேடைக்கு மேலிருந்த பேனரைக் காட்டினார். உதவி: நீலக்கரை.

"என்ன சார் இது?" என்றாள்.

"ஹால் குடுத்திருக்காங்க, டிபன் குடுத்திருக்காங்க. அவ்வளவுதான். நல்லதா போச்சு, நம்மள நேருக்கு நேர் பாக்கட்டும்."

கம்பெனி சார்பில் மக்கள் தொடர்பு அதிகாரி கிருஷ்ணப்பன் வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, எல்லாரிடமும் சிரிப்பு. அவர் ஸ்டிக்கரில் இருந்தது இது. இருப்பது: இடம். வேண்டியது: நட்பு.

முதல் நிகழ்ச்சி, நான்கு நிமிடப் பேச்சு. இந்தப் பக்கம் செய்தியாளர்கள், அந்தப் பக்கம் தொழில்நுட்பக்காரர்கள். மணி அடித்தால் ஒவ்வொருவரும் ஒரு நாற்காலி நகர வேண்டும். ஆறாவது மணிக்கு ஜெஸ்லின் எதிரே வந்து உட்கார்ந்தவன் ஜெரி.

இருவரும் எழுந்து போயிருக்கலாம். அறுபது பேர் பார்க்கிறார்களே என்று உட்கார்ந்தார்கள்.

"பேசு. நாலு நிமிஷம்தான்," என்றான் ஜெரி. "எனக்கு இன்னா ஆப்பு வைக்கப் போறே இன்னிக்கு?"

"எளச்சுட்டே."

"வேலை பூட்ச்சுன்னா எளைக்கத்தான் செய்வாங்க. நீயே எழுதிக் குட்த்த வரம் தானே."

ஜெஸ்லின் அவன் ஸ்டிக்கரைப் படித்தாள். இருப்பது: சல்லடை. வேண்டியது: ஒரே ஒரு வாய்ப்பு.

"சல்லடைன்னா?"

"நான் செஞ்சது. போட்டோவ உள்ள போட்டா எங்க எட்த்தது, எப்போ எட்த்தது, எட்த்தவன் யாருன்னு சலிச்சுக் குட்த்துடும். இன்னிக்கு மூணு நிமிஷம் மேடையில காட்டச் சொல்லிக்கீறாங்க. புட்ச்சிருந்தா வேலைக்கு எட்த்துப்பாங்க." அவள் ஸ்டிக்கரை அவனும் படித்தான். "இன்னாத்த சுத்தம் பண்ணணும் உனக்கு?"

இவனிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவான். அது அவளுக்கே தெரிந்தது. படத்தை எவ்வளவு வெட்டினாலும் அதன் வயிற்றில் வெட்டாத குட்டிப் படம் ஒன்று ஒளிந்திருக்கும், அதை எடுத்துவிட்டுத்தான் வெளியிட வேண்டும் என்று எட்டு மாதத்துக்கு முன்பானால் சாப்பாட்டுத் தட்டின் முன்னாலேயே சொல்லியிருப்பான்.

"ஒண்ணுமில்ல," என்றாள்.

"அம்மா எப்டி கீறாங்க?"

"உயிரோட இருக்காங்க. வந்து பாத்தாத் தெரியும்."

"ஒயுங்கா ஒரு பதில் சொல்ல வராதா உன் வாய்ல?"

மணி அடித்தது. அவன் அடுத்த நாற்காலிக்குப் போனான். வீம்பு என்பது எவ்வளவு கேடு கெட்ட சங்கதி என்பதற்கு இதைவிட ஒரு சாட்சி நான் கண்டதில்லை.

பதினொன்றரை மணிக்கு ஜெரி மேடையேறினான். சல்லடை என்ன செய்யும் என்று நாலு வரியில் நல்ல தமிழில் சொல்லிவிட்டு, "யாராவது ஒரு படம் கொடுங்கள், இங்கேயே சலித்துக் காட்டுகிறேன்" என்றான்.

பாலகணேஷ் கையைத் தூக்கினார். "எங்க தளத்துல இருக்கற நீலக்கரை பதிவேட்டுப் படத்தப் போடுங்க தம்பி. உங்க சல்லடையால ஒண்ணும் முடியாது."

ஜெஸ்லின் அவர் கையைப் பிடித்தாள். "வேணாம் சார்."

"ஏன், பயமா?" என்று அவர் சிரித்தார். மைக் பக்கத்தில் இருந்தது. அந்தப் 'பயமா' அரங்கம் முழுக்கக் கேட்டது, ஜெரிக்கும் கேட்டது.

எட்டு மாதம் கழித்து அக்கா பயப்படுகிறாள். அவன் அவளைப் பார்த்துக்கொண்டே படத்தை உள்ளே போட்டான்.

திரையில் முதலில் வெயில் விழும் கோணத்தைக் கோடு போட்டுக் காட்டியது. காலை ஏழு மணி வெயில். அப்படியானால் காலை ஷிஃப்ட். சிலர் கை தட்டினார்கள். அதற்கடுத்து அந்தக் குட்டிப் படம் மேலே வந்தது. சல்லடை அதைப் பெரிதாக்கித் தெளிவாக்கியது.

பதிவேட்டின் மூலையில் ஓலைச் சிலுவை. இடது கை பாதியில் ஒடிந்திருந்தது. நடுவில் நீல நூல் சுற்றியிருந்தது.

சிலுவை மடிப்பவர்கள் ஊரில் ஆயிரம் பேர். நடுவில் நூல் சுற்றுகிறவர் ஜெரிக்குத் தெரிந்து ஒருவர்தான். சட்டைப் பையில் பிரிந்துவிடக் கூடாது, மாதாவுக்கு நீலம் பிடிக்கும் என்று சொல்லி அவன் அம்மா சாரா வருடா வருடம் ஒரு கட்டு ஓலையை உட்கார்ந்து கட்டுவாள். இத்தனையும் யாருக்கு என்று பிள்ளைகள் இரண்டும் ஒரு நாளும் கேட்டதில்லை.

ஜெரியின் விரல் நின்றது. அவன் அக்காவைப் பார்த்தான். அவள் தலையை மெல்ல இடம் வலமாக ஆட்டினாள்.

"அது என்ன ஓலை?" என்று கேட்டது கிருஷ்ணப்பன். குரலில் தேன் ஒழுகியது.

முன் வரிசையில் ஒரு பெண் துள்ளிக் கொண்டு பதில் சொன்னாள். "குருத்தோலை சார். கிறிஸ்டியன்ஸ் வெச்சுப்பாங்க."

"அப்ப காலை ஷிஃப்ட்ல கிறிஸ்டியன் யாருன்னு பாத்தாப் போதுமே," என்றான் இன்னொருவன். அறுபது பேரும் படித்தவர்கள், நல்லவர்கள், ஒருவருக்கும் தாமஸின் மேல் கோபம் இல்லை. புதிருக்கு விடை கிடைத்த சந்தோஷத்தில் கை தட்டினார்கள்.

ஜெரிக்கு இன்னும் முப்பது விநாடி பாக்கி இருந்தது. மெஷின் கெட்டுவிட்டது என்று சொல்லி ஒயரைப் பிடுங்கியிருக்கலாம். அவன் தொண்டையைச் செருமினான்.

"சரியாகச் சொன்னீர்கள்," என்றான். "இரண்டு தடயம், ஒரு ஆள். இதுதான் சல்லடை."

கிருஷ்ணப்பன் கடைசி வரிசையிலிருந்து திரையைப் போனில் படம் எடுத்து யாருக்கோ அனுப்பினார். ஜெரி இறங்கியதும் அவன் தோளில் கை போட்டுக்கொண்டு ஓரமாகக் கூட்டிப் போனார்.

படிக்கட்டில் ஜெஸ்லின் அவனைப் பிடித்தாள்.

"நைனா ஓலைன்னு தெரிஞ்சுதா உனக்கு?"

"அம்மா கட்ற நூலு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் சொன்னே."

"மேடையில நின்னுகினு கீறேன், இன்னா பண்ணச் சொல்றே?" அவன் ஒரு படி இறங்கினான். "நைனா கழுத்த வூட்டு விலாசத்தோட ஊருக்கே போட்டுக் காட்னது நீ. நான் லைட்டு தான் போட்டேன். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா ஆகாதா? நாலு நிமிஷம் எதுருல குந்திகினு இருந்தியே."

அறைந்துவிடலாமா என்று வந்தது ஜெஸ்லினுக்கு. அவன் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் தாங்கவில்லை.

"அந்த ஆள் உங்கிட்ட என்ன கேட்டான்?"

"பெருசு பண்ண படத்த மெயில் போடச் சொன்னான்." ஜெரி தரையைப் பார்த்தான். "போட்டுட்டேன். திங்கக்கியமை வந்து பாருன்னான். வேலையாம்."

அப்பாவின் போனுக்கு அடித்தாள். எண்ணூர் கேட்டில் ஏதோ ஒரு பெட்டிக்குள் அது அடித்து ஓய்ந்தது. ஷிஃப்ட் முடிய மதியம் இரண்டு மணி ஆகும். ஜெரி பைக்கை எடுத்தான், அவள் பின்னால் ஏறினாள்.

திருவொற்றியூர் தாண்டி கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. இரண்டு லாரிக்கு நடுவே பைக் போகும், எதிரே ஒன்று திரும்பினால் நின்றுவிட வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் பாதியை லாரிப் புகையில் நின்றே கழித்தார்கள்.

நீலக்கரை கேட்டுக்கு வந்தபோது சங்கு ஊதி ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். தாமஸ் தனியாக வந்தார். கையில் டிபன் டப்பா, கழுத்தில் அடையாள அட்டை. அட்டை இருந்தது. ஜெஸ்லினுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

தாமஸ் இரண்டு பிள்ளைகளையும் சேர்த்துப் பார்த்து ஒரு விநாடி திகைத்தார். மகனைத் தொடப் போன கையைப் பாதியில் இறக்கிக்கொண்டார். எதிர்ப்பக்க டீக்கடை நிழலுக்கு அவர்களைக் கூட்டிப் போனார்.

"என்ன ஆச்சு நைனா?" என்றாள் ஜெஸ்லின்.

"பன்னெண்டு மணிக்கு மேனேஜரு கூப்ட்டான். போன்ல ஓலை போட்டோ கீது. நீ ஒருத்தன் தான் கிறிஸ்டியன், உன்னுது தானேன்னான்." தாமஸ் மெல்லிய குரலில் பேசினார். "சார், எங்க ஷிப்ட்ல பன்னெண்டு பேருகிட்டயும் ஓலை கீதுன்னேன். வருஷா வருஷம் உங்கம்மா கட்டி அனுப்பறது அவங்களுக்குத்தான். அமிலத்துல நிக்கறவனுக்கு எந்த சாமியா இருந்தா இன்னா, எல்லாம் அட்டைக்குள்ள சொருகி வெச்சிகினு கீறானுங்க."

அந்தக் கட்டு ஓலை யாருக்கென்று பிள்ளைகளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அப்பறம்?"

"வரிசையா நிக்க வெச்சு எண்ணுனான். பதினோரு ஓலை கீது, ஒண்ணு இல்ல. இல்லாதவன் தான் போட்டோ எடுத்துட்டு பயந்துகினு தூக்கிப் போட்டுட்டான்னு முடிவு பண்ட்டான்."

"யாருகிட்ட இல்ல?"

தாமஸ் டிபன் டப்பாவின் மூடியைத் திறந்து மூடினார். "வேலப்பன்."

வேலப்பன் அவர்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவர். நாகர்கோவிலிலிருந்து வந்து பத்தொன்பது வருடமாக தாமஸோடு ஒரே ஷிஃப்ட். ஜெஸ்லினைப் பள்ளிக்கு சைக்கிளில் கொண்டு விட்டவர்.

"மாமா ஓலை எங்க?" என்றாள் ஜெஸ்லின்.

"அவன் பொண்ணு பிரசவத்துக்கு ஆஸ்பத்திரில கீதுல்ல. தலகாணிக்குக் கீய வெச்சிருக்கான்." கொஞ்சம் நிறுத்தினார். "நான்தான் வெக்கச் சொன்னேன்."

"அத மேனேஜருகிட்ட சொன்னியா?"

"அவன் சொல்லியிருக்கான். நிசமா, உனக்குத் தெரியுமான்னு என்னைத் தனியா கூப்ட்டுக் கேட்டாங்க." தாமஸ் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். "தெரியாதுன்னுட்டேன்."

ஜெரி முதல் முறையாக வாயைத் திறந்தான். "இன்னா நைனா இது."

"நீ இன்னாடா கேக்கறே என்னை? எவனோ ஒருத்தன் மேடையில நின்னுகினு அந்தப் போட்டோவ புட்டுப் புட்டு வெச்சானாம், மேனேஜரு சொல்றான். அவனப் போய்க் கேளு."

ஜெரி சட்டையில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பிய்த்தான். தாமஸுக்கு விஷயம் புரிய சற்று நேரம் எடுத்தது. புரிந்ததும் அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்கு ஓலையோட எல்லாரும் வரணுமாம்," என்றார் தாமஸ். "பெரிய படம் வந்துகீதாம். ஒவ்வொண்ணா ஒத்துப் பாக்கப் போறாங்களாம்."

அந்தப் பெரிய படத்தை அனுப்பியது யார் என்று ஜெஸ்லின் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

கேட்டிலிருந்து வேலப்பன் வந்தார். கழுத்தில் அட்டை இல்லை, பிடுங்கிக்கொண்டுதான் வெளியே விட்டிருந்தார்கள். ஜெஸ்லினைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது.

"மக்ளே, நீ வந்தது நல்லதா போச்சு. எனக்க மானம் இனி உன் கையிலயாக்கும். படம் எடுத்தது நான் இல்லன்னு நீ ஒருத்தி சொன்னாப் போரும். உனக்குத் தெரியும்லா, ஆரு குடுத்தான்னு?"

ஜெஸ்லின் அப்பாவைப் பார்த்தாள். அப்பா வேலப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ பேர் சொல்லக்கூடாதுப்பா. அவ வேலை அப்டி," என்றார் தாமஸ்.

"அதும் சரிதான்." வேலப்பன் ஒப்புக்கொண்டார். அவர் அப்படித்தான், எதையும் சீக்கிரம் ஒப்புக்கொள்ளும் மனிதர். "எடே தாமஸே, ஓலைய மகளுக்கு வெச்சேன்னு சொன்னேன், தாமஸ்தான் வெக்கச் சொன்னான்னும் சொன்னேன். உன்ன விளிச்சுக் கேட்டானுவளா?"

"கேக்கல," என்றார் தாமஸ்.

"கேட்டா சொல்லு, என்னா." வேலப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தார். "நாளைக்கு ஓலை கொண்டாந்து காட்டினா விட்டுருவேன்னு மேனேஜர் சொல்லுகான். ஆனா பிள்ளைக்கு வலி வந்துட்டு. தலகாணியில இருந்து அத எடுக்க எனக்கு மனசு வரல்ல. சாராம்மா கட்டினது வீட்டுல இன்னொண்ணு கெடக்குமா?"

ஜெஸ்லின் "இருக்கு மாமா, நான் தேடி" என்று ஆரம்பித்தாள்.

"வூடு வரைக்கும் எதுக்கு," என்றார் தாமஸ்.

அவர் கழுத்திலிருந்த அட்டையின் பிளாஸ்டிக் உறையை விரித்து, இரண்டு விரலை உள்ளே விட்டு, தன் ஓலையை எடுத்தார். ஏழு வாரத்தில் அது காய்ந்து பழுப்பேறியிருந்தது. வேலப்பனின் உள்ளங்கையில் வைத்து, அவர் விரல்களை மடக்கிவிட்டார்.

"இத்த வெச்சிக்க. எனக்கு சாரா வேற கட்டித் தருவா."

வேலப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. கையைத் திறந்து ஒரு தடவை பார்த்துக்கொண்டார். நடுவில் நீல நூல். இடது கை பாதியில் ஒடிந்திருந்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டு சட்டைப் பையில் பத்திரமாகப் போட்டுக்கொண்டார்.

அரங்கத்துத் திரையில் ஆளுயரத்துக்கு அந்த ஓலையைப் பார்த்திருந்த இருவரும் பக்கத்திலேயே நின்றார்கள். ஜெரி அக்காவைப் பார்த்தான். அவள் வாய் திறந்தது, மூடிக்கொண்டது.

"வர்றேன் மக்ளே. ஆஸ்பத்திரிக்குப் போணும்," என்று சொல்லிவிட்டு வேலப்பன் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார். பாதி வழியில் நின்று, பை மேல் கையை வைத்துப் பார்த்துக்கொண்டார்.

தாமஸ் டீக்கடைக்காரரிடம் மூன்று டீ சொன்னார். "சக்கரை கம்மியா போடுப்பா," என்றார். "பையன் எட்டு மாசம் கழிச்சு வந்துகீறான்."